கடையில்லா வியாபாரிக்கு வரி

நமது கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் லாபம் சம்பாதித்தால் ஸர்க்காருக்கு வருமான வரி செலுத்துகிறார். கடல் கடந்த கம்பெனி ஒன்று, இங்கே கடையுமின்றிக் குமாஸ்தாவுமின்றி, இணையத்தின் வாயிலாக நம்மிடமே வியாபாரம் நடத்திப் பெரும் லாபம் அடைந்தால், அதற்குரிய வரி யாரைச் சேர வேண்டும்? உலக ராஜ்யங்கள் இதற்கு இன்னும் ஒருமித்த விடை காணவில்லை.

சிக்கலுக்கு மூலம் ஒரு பழைய விதி. அயல்தேசத்து வியாபாரியின் லாபத்துக்கு வரி விதிக்க வேண்டுமானால், வரி விதிக்கும் தேசத்தில் அவருக்குக் காரியாலயமோ தொழிற்சாலையோ நிலையாக இருத்தல் வேண்டும். சர்வதேச சங்கம் 1928-ல் வகுத்த மாதிரி உடன்படிக்கைகளில் இடம் பெற்ற விதி இது. சரக்கு கப்பலேறிச் சென்ற காலத்துக்கு இது பொருந்திற்று. கம்பி வழியே விளம்பரம் விற்கும் காலத்துக்குப் பொருந்தவில்லை.

இந்தியா தனியே ஒரு வழி கண்டது. அந்நியக் கம்பெனிகளுக்குச் செல்லும் இணைய விளம்பரக் கட்டணத்தின் மீது 2016-ல் 6 சதவீதமும், அவற்றின் இணைய வாணிபத்தின் மீது 2020-ல் 2 சதவீதமும் வரி விதித்தது. இது தன் கம்பெனிகளுக்குப் பாரபட்சம் என்றது அமெரிக்கா. சில இந்தியச் சரக்குகளுக்கு 25 சதவீதத் தீர்வை விதிப்பதாக 2021 ஜூன் மாதத்தில் அறிவித்து, பேச்சுவார்த்தையை முன்னிட்டு அதை நிறுத்தி வைத்தது. பிறகு 2 சதவீத வரியை 2024 ஆகஸ்டிலும், 6 சதவீத வரியை 2025 ஏப்ரலிலும் இந்தியா கைவிட்டது. தனித்து நிற்பவன் படும் பாடு இதுதான்.

கூடி நின்றால் என்ன? 2021 அக்டோபரில் 136 தேசங்கள் ஓர் ஏற்பாட்டுக்கு இசைந்தன. அதன்படி, ஆண்டுக்கு 2,000 கோடி யூரோவுக்கு மேல் வியாபாரம் செய்து மிகுந்த லாபமும் பெறும் கம்பெனிகளின் லாபத்தில் ஒரு பங்கு, வாடிக்கைக்காரர் வாழும் தேசங்களுக்குக் கிடைக்கும். பெரிய கம்பெனிகள் எங்கிருந்தாலும் குறைந்தபட்சம் 15 சதவீத வரி செலுத்தும். இரண்டாவது பகுதியை ஐரோப்பிய தேசங்கள் பலவும் 2024 முதல் அமுல் நடத்தத் தொடங்கின. முதற் பகுதிக்கான உடன்படிக்கையின் வாசகம் 2023 அக்டோபரில் வெளியாயிற்று. ஆனால், கையெழுத்திடக் குறித்திருந்த 2024 ஜூன் மாதம் வீணே கழிந்தது. அந்த ஏற்பாடு தங்களைக் கட்டுப்படுத்தாது என்று 2025 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி அறிவித்துவிட்டார்.

வரி விதிக்கும் உரிமை சுயராஜ்யத்தின் ஓர் அங்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், எல்லையே அறியாத வியாபாரத்தின் முன், அந்த உரிமையை எல்லைக்குள் மட்டும் நின்று காத்துக்கொள்ள இயலாது. பெரிய கம்பெனியிடம் வாராத வரியின் பளு, ஊரிலேயே இருந்து ஒழுங்காகச் செலுத்தும் சிறு கடைக்காரர் தலையில் விழும். ஆகவே இந்தப் பேச்சுவார்த்தைகளை நிபுணர்களின் விவகாரம் என்று ஒதுக்காமல், நம் கடைவீதியின் விவகாரமாகவே நாம் கவனித்து வர வேண்டும்.