காட்டுப்பள்ளிக் கரையும் கணினிக் கோடும்

வடசென்னைக் கரையில் மணல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது கணினி வருவதற்கு வெகு முன்பே தெரிந்த விஷயம். 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் மணலை மறித்தன. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரைந்தது. அந்தக் காலத்து அளவையாளர்களுக்குக் கருவி என்றால் மட்டம் பார்க்கும் தொலைநோக்கி, அளவுக்கம்பு, ஆழம் பார்க்க ஈயக்குண்டு கட்டிய கயிறு. கரையில் நிற்காமல் ஒரு எண்கூடக் கிடைக்காது.

அதே கரையில் வடக்கே எண்ணூர்த் துறைமுகம் 2001இலும், காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013இலும் வந்தன. இவற்றால் கரை எவ்வளவு மாறியது என்று ஆராய இன்று வெயிலில் அலைய வேண்டாம். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம். இரண்டு ஆண்டுகளின் கரைக்கோடுகளை ஏற்றினால், அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் டிஎஸ்ஏஎஸ் மென்பொருள் ஆண்டுக்கு எத்தனை மீட்டர் அரிப்பு என்று சொல்லிவிடும். நாற்பது ஆண்டுப் பதிவை இப்படிப் புரட்டுவது கால்நடையாக ஆகிற காரியமல்ல. அந்த வகையில் லாபம்தான்.

சிக்கல், அந்தக் கோடு எதன் கோடு என்பதில் இருக்கிறது. செயற்கைக்கோள் காலை பத்து மணியளவில் கடந்து போகிறது. கடல் அப்போது ஏற்றத்தில் இருக்கலாம், வற்றத்திலும் இருக்கலாம். சென்னைக் கடலில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் சுமார் 1 மீட்டர் ஏறி இறங்கும். இருபதுக்கு ஒன்று சரிவுள்ள மணற்கரையில் அது 20 மீட்டர் அகலம். பத்தாண்டு இடைவெளியுள்ள இரண்டு படங்களில் ஒன்று ஏற்றத்திலும் மற்றது வற்றத்திலும் எடுத்ததாக இருந்தால், நடக்காத மாற்றம் ஆண்டுக்கு 2 மீட்டர் என்று அட்டவணையில் ஏறிவிடும். படத்தின் ஒரு கட்டமே 30 மீட்டர் என்பது தனிக்கதை.

பருவமும் சேர்ந்துகொள்கிறது. தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கே போகிறது. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்புகிறது. சென்னைக் கரை மீனவர்கள் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் பிரித்துச் சொல்வார்கள். பிப்ரவரிப் படத்தையும் செப்டம்பர்ப் படத்தையும் ஒப்பிடுவது எவ்வளவு அபத்தம் என்பதை அவர்களிடம் ஒரு மாலை பேசினாலே பிடித்துக்கொள்ளலாம். மென்பொருள் கரையைப் படிக்கும் இந்தத் திறமையைப் பறித்துக்கொள்ளவில்லை. அதைக் கற்றுக்கொள்ள இருந்த கட்டாயத்தை நீக்கிவிட்டது.

டிஎஸ்ஏஎஸ் இந்தப் பிழைகளை மறைப்பதும் இல்லை. ஒவ்வொரு கரைக்கோட்டுக்கும் பிழை எத்தனை மீட்டர் என்று கேட்கிறது. கடலின் ஏற்றவற்றம், கரைச்சரிவு, பருவம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து நிரப்ப வேண்டிய இடம் அது. 10 என்று போட்டாலும் வாங்கிக்கொள்ளும், 30 என்று போட்டாலும் வாங்கிக்கொள்ளும்.