இசைத்தட்டு வழக்குகள்

பழைய இசைத்தட்டு அன்பர்கள் இருவர் சந்தித்தால் நட்புப் பிறக்கும். மூவர் சந்தித்தால் வழக்குப் பிறக்கும். தட்டுகளைக் கணிப்பொறியில் ஏற்றிப் பகிர்ந்துகொள்ளும் இந்நாளிலும் அவ்வழக்குகள் ஓயவில்லை. அவற்றுள் இரண்டை இங்கே ஆராய்வோம்.

முதல் வழக்கு இரைச்சலைப் பற்றியது. பழைய தட்டுகள் அரக்குடன் கல்தூள் கலந்து செய்யப்பட்டவை. ஊசி அதன்மேல் உராய்வதால் 'உஸ்' என்ற ஓசை எழுகிறது. "அதை நீக்கினால்தான் இன்றைய செவிகள் கேட்கும்" என்பர் ஒரு சாரார். "நீக்கினால் பாட்டில் உயிர் இராது" என்பர் மறுசாரார். இரண்டிலும் உண்மை உண்டு. இரைச்சல் உயர்ந்த அதிர்வெண்களிலேயே மிகுதியாகக் காதில் படுகிறது. சொற்களின் கூர்மையும் மிருதங்க அடியின் தெளிவும் அங்கேதான் குடியிருக்கின்றன. களையைப் பிடுங்கும்போது பயிரும் சிறிது கையோடு வந்துவிடுகிறது.

இரண்டாவது வழக்கு வேகத்தைப் பற்றியது. நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பொதுவிதி. ஆயினும் தொடக்ககாலத் தட்டுகள் யாவும் அவ்வேகத்தில் பதிவானவை அல்ல. வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு மாறினால் சுருதி அரைக்கட்டை மாறும். 78க்குப் பதிலாக 74 சுற்று சுழன்றால், 5 கட்டைப் பாட்டு ஏறக்குறைய 4½ கட்டையில் ஒலிக்கும். 1933இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலை நாம் தட்டில்தான் கேட்கிறோம். ஆகவே, சுழல்மேசையின் பிழையைப் பாடகரின் சுருதியென்று கொள்ளும் அபாயம் எப்போதும் உண்டு.

இவ்வழக்குகளுக்குத் தீர்ப்பு எளிது. ஆனால் நான் அதைக் காலம் கடந்தே கற்றேன். பாட்டி வீட்டுப் பரணில் கிடைத்த ஒரு தட்டைப் பதிவு செய்து, ஆர்வத்தோடு இரைச்சலை நீக்கினேன். இடம் போதவில்லையென்று முதற்பதிவை அழித்தேன். பாட்டி கேட்டுவிட்டு, "பாடுபவர் மூச்சுவிடுவது கேட்குமே, அது எங்கேப்பா?" என்றார். மறுபடியும் பதிவு செய்ய அடுத்த விடுமுறையில் ஊர் சென்றேன். தட்டு இரண்டு துண்டாகிக் கிடந்தது. அரக்குத்தட்டு கைதவறி விழுந்தால் தப்புவது அரிது.

ஆதலின் அன்பர்களே, முதலில் தட்டில் உள்ளதை உள்ளபடியே பதிவு செய்யுங்கள். தட்டின் எண்ணையும் சுழற்றிய வேகத்தையும் குறித்துவையுங்கள். பிறகு நகலொன்றை எடுத்து விரும்பியவாறு திருத்துங்கள். மூலம் இருக்கும்வரை எந்த வழக்கையும் மேல்முறையீடு செய்யலாம். மூலம் போனபின் வாதாட நாமிருப்போம், சாட்சிதான் இராது.