ஜெனீவாவுக்கு மாசி மாதத்தில் சைக்கிள்: குளிர் உடலை என்ன செய்கிறது?

ஐ.நா. மனித உரிமைகள் பேரவை வருடத்துக்கு மூன்று தடவை வழமையான அமர்வுக்காகக் கூடுகிறது. அவற்றில் மிக நீண்டது பெப்ரவரி கடைசியில் தொடங்கும் அமர்வு. இலங்கை தொடர்பாக 2012, 2013, 2014, 2017, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் வந்த தீர்மானங்கள் எல்லாம் அந்த அமர்வின் முடிவில், மார்ச் மாதத்தில்தான் நிறைவேறின. அதனால் நீதி கேட்டு ஐரோப்பாவின் வீதிகளில் சைக்கிள் மிதிக்கும் எமது ஆட்களுக்குக் காலத்தைத் தெரிவுசெய்யும் வசதி இல்லை. புரட்டாதி அமர்வை ஒட்டிப் புறப்படும் பயணத்தில் வெயிலும் மழையும்தான் பிரச்சினை. மாசியில் புறப்படுவது வேறு கதை.

புலம்பெயர் தமிழர் இதனை ஈருருளிப் பயணம் என்கிறார்கள். ஊரில் நாங்கள் சைக்கிள் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பெயர் எதுவானாலும் அது எங்களுக்கு அந்நியமான பொருள் அல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாதபோது விறகையும் நோயாளியையும் சவப்பெட்டியையும் அதில்தான் கொண்டுபோனோம். மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் பின்சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். ஆகவே தொலைபேசியில் வரும் படங்களில் பனி மூடிய வயல்களுக்கு நடுவே நாலைந்து பேர் கொடியுடன் மிதித்துப் போவதைக் காணும்போது, சைக்கிள் எங்களுக்கு விளங்குகிறது. அந்தக் குளிர் விளங்குவதில்லை. போகிறவர்களின் தாய் தகப்பன், சகோதரங்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், அடுத்த வருடம் போகலாமோ என்று யோசிப்பவர்களுக்காகவும் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வழி ஆண்டுக்காண்டு சற்று மாறும். பொதுவாக நெதர்லாந்தின் டென் ஹாக்கில் அல்லது பெல்ஜியத்தின் பிரசல்ஸில் தொடங்கி, லக்சம்பேர்க், ஜேர்மனியின் எல்லைப் பகுதி, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க், சுவிஸின் பாசல், பேர்ண், லொசான் ஊடாக ஜெனீவா வரை போகிறது. டென் ஹாக்கிலிருந்து கணக்குப் பார்த்தால் ஆயிரம் கிலோமீற்றருக்குக் குறையாது. நெதர்லாந்து தட்டையான நாடு, அங்கே எதிர்க்காற்று ஒன்றே எதிரி. நாமூர் என்ற ஊரைத் தாண்டியதும் ஆர்டென் மேட்டுநிலம் தொடங்கும். காடும் ஏற்றமும் இறக்கமுமாக, 500 மீற்றர் உயரத்தில் இருக்கும் பஸ்தோன் ஊடாக லக்சம்பேர்க் எல்லை வரை அது நீளும். முழுப் பயணத்திலும் எனக்கு அதிகம் பயம் தரும் பகுதி அதுதான். அல்ப்ஸ் மலை அல்ல. அல்ப்ஸில் இந்த வழி ஏறுவதேயில்லை.

தமிழில் எங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. மார்கழி அதிகாலையில் புல்லில் நிற்பதும் பனி, வானத்திலிருந்து பஞ்சு போல் விழுவதும் பனி, வீதியில் கண்ணாடிபோல் உறைந்து கிடப்பதும் பனி. நுவரெலியாவில் தை மாதத்தில் புல் வெள்ளையாகிப் போவதைக் கண்டவர்களுக்கு இந்த வித்தியாசம் கொஞ்சம் தெரியும். மற்றவர்கள் படத்தில் வெள்ளை நிறத்தைக் கண்டால் பதறுகிறார்கள், வெள்ளை இல்லாவிட்டால் நிம்மதி அடைகிறார்கள். உண்மை ஏறத்தாழ மறுபக்கம். உலர்ந்த பனி கொட்டும் பூச்சியத்துக்குக் கீழான ஒரு நாளைவிட, 3 பாகையில் மழை தூறும் ஒரு நாள் சைக்கிளோட்டிக்கு ஆபத்து அதிகம். பனி உடையில் பட்டுத் தட்டுப்பட்டு விழும். மழை ஊறும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்தது காற்று. உடலைச் சுற்றி எப்போதும் மெல்லிய சூடான காற்றுப் படலம் ஒன்று இருக்கிறது. காற்று அடித்தால் அது கலைந்துவிடும். நடந்து போகிறவருக்குக் காற்று இல்லாத நாள் என்று ஒன்று உண்டு. சைக்கிளில் போகிறவருக்கு அப்படி ஒரு நாள் கிடையாது, அவரே தனக்குக் காற்றை உண்டாக்கிக்கொண்டு போகிறார். வெப்பமானி 0 பாகை காட்டும்போது மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் மிதித்தால், திறந்த தோலுக்கு அது சுமார் -6 பாகைபோல இருக்கும். -5 பாகையில் 30 கிலோமீற்றர் வேகம் என்றால் -13.

இதிலே ஒரு வஞ்சகம் இருக்கிறது. ஏற்றத்தில் வேகம் குறைவு, உழைப்பு அதிகம். உடல் கொதிக்கும், உள்ளாடை வியர்வையில் நனையும். உச்சிக்கு வந்ததும் இறக்கம். மிதிக்கத் தேவையில்லை, ஆகவே உடல் சூடு உண்டாக்குவதை நிறுத்துகிறது. வேகமோ 40, 50 ஆகிறது. நனைந்த உடம்பில் அந்தக் காற்று படுகிறது. இறக்கம் வரும்போது மூச்சு வாங்குகிறவர் சந்தோஷப்படுவது இயல்பு. ஆனால் குளிர்காலத்தில் ஆட்கள் விறைத்துப்போவது இறக்கத்தில்தான். பழைய பந்தய வீரர்கள் மலையுச்சியில் பத்திரிகைத் தாளை வாங்கி நெஞ்சுக்குள் செருகிக்கொண்டு இறங்கியது இதற்காகவே. ஏற்றத்துக்கு முன் மேலங்கியைத் திறந்து விடுவது, உச்சியில் நின்று அதைப் பூட்டிக்கொள்வது, இது சின்ன விடயம்போலத் தெரியும். குழுவோடு போகும்போது மற்றவர்களை நிறுத்தி வைக்கக் கூச்சப்பட்டு இதைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். பருத்தி பெனியன் இங்கே எங்கள் காலநிலைக்கு உகந்தது, அங்கே நனைந்தால் காயாது. கம்பளி நூல் உள்ளாடை நனைந்தாலும் கொஞ்சம் சூடு வைத்திருக்கும். சொக்ஸுக்கு மேலே ஒரு சொப்பிங் பையைச் சுற்றிக்கொண்டு சப்பாத்துப் போடுவது பார்க்க அழகில்லை, காற்றை மட்டும் நன்றாக மறிக்கும்.

ஆர்டென் மேட்டுநிலத்தில் குளிர் என்ன செய்யும் என்பதற்கு எழுதி வைக்கப்பட்ட சாட்சி ஒன்று இருக்கிறது. லியேஜ் நகரிலிருந்து பஸ்தோன் வரை போய்த் திரும்பும் பழைய சைக்கிள் பந்தயம் ஒன்று வருடந்தோறும் நடக்கிறது. 1980 ஏப்ரல் 20ஆம் திகதி, அதாவது இளவேனில் பிறந்த பிறகு, பந்தயம் தொடங்கிய சற்று நேரத்திலேயே பனி கொட்டியது. புறப்பட்டவர்கள் 174 பேர், முடித்தவர்கள் 21 பேர். பிரான்சைச் சேர்ந்த பேர்னார் ஈனோ ஒன்பது நிமிடங்களுக்கும் அதிகமான இடைவெளியில் வென்றார். அவருக்கு அப்போது 25 வயது, உலகின் மிகச் சிறந்த ஓட்டவீரர்களில் ஒருவர், அணியின் கார் கூடவே வந்தது. அப்படியிருந்தும் அந்த ஒரு நாளில் அவருடைய கைவிரல்கள் இரண்டு நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டன. வெற்றிக் கதையாக இதைச் சொல்வார்கள். விலகிப் போன 153 பேரும் உலகத் தரத்திலான வீரர்கள் என்பதை நாங்கள் மறந்துவிடக் கூடாது.

ஏன் விரல்? குளிரும்போது உடல் தன் நடுப்பகுதியை, இதயத்தையும் நுரையீரலையும் மூளையையும், காப்பாற்றப் பார்க்கிறது. கை கால்களுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். சைக்கிளில் கை அசையாமல் ஹாண்டிலைப் பிடித்தபடி, காற்றுக்கு முன்னால் நிற்கிறது. விரல் மரத்துப்போனால் பிறேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. அந்த நேரத்தில் ரயருக்குக் காற்றுப் போனால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கையுறையைக் கழற்றாமல் ரியூப் மாற்ற முடியாது. கழற்றினால் ஐந்து நிமிடத்தில் விரல் சொல்வழி கேளாது. நிற்கும் பதினைந்து இருபது நிமிடத்தில் வியர்வை குளிர்ந்துவிடும். கூட நிற்பவர்களும் ஆறிப்போவார்கள். ஊரில் மரநிழலில் இருந்து ஒட்டுப் போடுகிற வேலை அங்கே முழுக் குழுவையும் ஆபத்தில் தள்ளக்கூடியது. உதவி வாகனம் உடன் போனால் அதற்குள் ஏறி இருந்துகொண்டு சில்லை மாற்ற வேண்டும், அல்லது முழுச் சில்லையே மாற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

உடலின் உள்வெப்பம் 37 பாகையிலிருந்து 35க்குக் கீழே இறங்கினால் தாழ்வெப்பநிலை என்கிறார்கள் வைத்தியர்கள். முதலில் நடுக்கம் வரும். நடுங்குவது நல்லது, தசைகள் சூடு உண்டாக்கப் போராடுகின்றன என்று அர்த்தம். பிறகு நாக்குக் குழறும், கால் தடுமாறும், சிடுசிடுப்பு வரும். கேள்விக்குப் பதில் தாமதிக்கும். 32 பாகையை அண்டும்போது நடுக்கம் நின்றுவிடும். “இப்ப பரவாயில்லை, குளிர் விட்டிட்டுது” என்று அவர் சொன்னால் அதுதான் அவசர வண்டியைக் கூப்பிட வேண்டிய நேரம். ஈர உடையைக் கழற்றி, உலர்ந்த போர்வையால் நெஞ்சையும் கழுத்தையும் முதலில் சூடாக்க வேண்டும். விறைத்த விரல்களைத் தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டக் கூடாது. சுகநினைவோடு இருந்தால் சூடாக இனிப்புத் தேநீர் கொடுக்கலாம். குளிருக்கு நல்லது என்று எங்கள் ஆட்கள் நம்பும் சாராயம் தோலுக்கு இரத்தத்தைத் திறந்துவிட்டு, மிச்சமிருக்கும் சூட்டையும் வெளியேற்றும்.

இந்தப் பயணத்தைப் பற்றி நான் எழுத நினைத்ததற்குக் காரணமே இந்த இடம்தான். குளிர் தசையை வெல்வதற்கு முன்னர் தீர்மானிக்கும் ஆற்றலைத் தின்கிறது. தனக்கு ஏலாது என்பதை உணரும் புத்திதான் முதலில் மங்குகிறது. எமது போராட்ட மரபோ மன உறுதியைக் கொண்டாடும் மரபு. ஜெனீவாவில் ஐ.நா. முன்றலைத் தமிழர் முருகதாசன் திடல் என்று அழைப்பது, 2009 பெப்ரவரியில் அங்கே தன்னையே எரித்துக்கொண்ட இளைஞனின் நினைவாக. அந்தத் திடலை நோக்கி மிதிக்கிறவர் “நான் வாகனத்தில் ஏறுறன்” என்று வாய்திறந்து சொல்வது சுலபமல்ல. அதனால் அந்த முடிவை அவரிடமே விட்டுவைப்பது நியாயமில்லை. காலையில் புறப்பட முன்னரே ஒருவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிட வேண்டும்: மிதிக்காத ஒருவர், வாகனத்தில் சூடாக இருப்பவர், ஏறு என்று சொன்னால் மறுபேச்சின்றி எல்லாரும் ஏற வேண்டிய ஒருவர். விட்ட இடத்திலிருந்து நாளைக்கு மிதிக்கலாம். மனு கையளிக்கப்படும்போது எத்தனை கிலோமீற்றரை யார் வாகனத்தில் கடந்தார் என்று எந்த அதிகாரியும் கேட்கப் போவதில்லை.

எங்களுக்கென்று மேலதிகமான கணக்கும் உண்டு. போரில் காயப்பட்ட கை கால்களில் நரம்பு சேதமடைந்த இடம் குளிரைத் தாங்காது. மற்றவருக்கு மரத்துப்போகும் குளிர் அவருக்குக் குத்துவலியாகவோ, ஒன்றுமே தெரியாததாகவோ இருக்கும். ஒன்றுமே தெரியாதது இன்னும் மோசம். நீரிழிவு முற்றிய பாதமும் அப்படித்தான். குளிரில் இரத்தக் குழாய் சுருங்க, இரத்த அழுத்தம் ஏறும். இதயத்துக்கு வேலை கூடும். நீரிழிவும் மாரடைப்பும் தெற்காசியர்களிடையே அதிகம் என்பதால், நாற்பது ஐம்பது வயதுகளில் உள்ளவர்கள் புறப்பட முன் வைத்தியரைப் பார்ப்பதைச் சம்பிரதாயமாக எடுக்கக் கூடாது. குளிரில் தாகமும் தெரியாது. போத்தல் தண்ணீர் உறைந்துபோக, மத்தியானம் வரை குடிக்காமலே மிதிப்பவர்கள் உண்டு. உறைவது மேலிருந்து தொடங்குவதால் போத்தலைத் தலைகீழாகச் செருகினால் வாய்ப்பக்கம் கொஞ்சம் தாமதமாக உறையும்.

வீதியில் உறைந்த மெல்லிய பனிக்கண்ணாடியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அது கறுப்பாகத் தெரியும், அதாவது கீழே உள்ள தார் தெரியும், ஈரம்போல இருக்கும். இரவில் வானம் தெளிந்திருந்தால் தரை காற்றைவிடக் கூடுதலாகக் குளிரும். ஆகவே வெப்பமானி 2, 3 பாகை காட்டும் காலையிலும் அது கிடக்கலாம். பாலங்கள் முதலில் உறையும், ஏனென்றால் கீழாலும் குளிர்காற்றுப் போகிறது. காட்டு நிழல் விழும் வளைவுகள் மத்தியானம் வரை உறைந்திருக்கும். அதன்மேல் சில்லு ஏறிவிட்டால் பிறேக் பிடிக்காமல், ஹாண்டிலைத் திருப்பாமல், நேராக உருண்டு கடப்பதுதான் வழி. ஆணி பதித்த குளிர்கால ரயர்கள் இருக்கின்றன, பாரம் கூட, ஆனால் பிடிக்கும். குளிர்காலத்தில் வெளிச்சம் இருக்கும் நேரமும் குறைவு. பெப்ரவரி நடுப்பகுதியில் பிரசல்ஸில் பகல் ஏறத்தாழ 10 மணித்தியாலம்தான். பனிக்கண்ணாடி காய முன் காலையில் புறப்படவும் கூடாது, இருட்டிய பிறகு லொறிகளுக்கு நடுவே மிதிக்கவும் கூடாது என்றால், கையில் மிஞ்சுவது ஆறேழு மணித்தியாலம். ஒரு நாளுக்கு 100 கிலோமீற்றர் என்று மேசையில் இருந்து திட்டம் போடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பாசலைத் தாண்டி, யூரா மலைக்கும் அல்ப்ஸுக்கும் இடைப்பட்ட சமவெளியில் வடகிழக்கிலிருந்து வரும் காற்றுக்கு அங்கே பீஸ் என்று பெயர். இரண்டு மலைத்தொடர்களும் ஒடுங்கும் ஜெனீவா ஏரிப்பக்கம் அது சீறும். கடும் குளிர் நாட்களில் ஏரி அலை தெறித்து, கரையில் நிற்கும் கார்களும் கதிரைகளும் பனிக்கட்டிக்குள் புதைந்துபோன படங்களை நீங்கள் கண்டிருக்கலாம். லொசானிலிருந்து ஜெனீவாவுக்குப் போகிறவருக்கு இது முதுகுப்பக்கக் காற்று, தள்ளிக்கொண்டு போகும், களைப்புத் தெரியாது. கரையோர வீதியில் உறைந்து கிடக்கும் ஏரித்தண்ணீரைக் கவனிக்கவும் நேரம் தராது.

வழிநெடுக நகரசபைகளுக்கு முன்னால் நின்று மனுக் கொடுப்பதும், கடைசியில் திடலில் உரைகளைக் கேட்டு நிற்பதும் இந்தப் பயணத்தின் பகுதி. வியர்த்த உடம்போடு ஒரு மணித்தியாலம் அசையாமல் நிற்பது, நீண்ட இறக்கம் ஒன்றில் இறங்குவதற்குச் சமம். வரவேற்கப் போகிறவர்கள் பூமாலையோடு கூட ஒரு உலர்ந்த உள்ளாடை, தொப்பி, போத்தலில் சுடுதண்ணி ஆகியவற்றையும் கொண்டுபோகலாம். படம் எடுப்பதற்கு முன்னர் அவர்களை எங்காவது உள்ளே கூட்டிப்போய் உடுப்பு மாற்ற விடுங்கள்.