ஓரம் வரை பார்த்த பிறகே தையல்

மூக்கு நுனியில் பட்டாணி அளவில் ஒரு புற்றுக்கட்டி. அதை வெட்டி எடுப்பது பெரிய வேலை அல்ல. மிச்சமில்லாமல் எடுத்தாயிற்றா என்று உறுதி செய்வதுதான் கடினம். கூடுதலாக வெட்டினால் மூக்கின் வடிவம் போகும். குறைத்து வெட்டினால் நோய் திரும்பும். இந்த இக்கட்டுக்கு விடையாக வந்தது மோஸ் அறுவை சிகிச்சை. வெயிலால் தோல் புற்றுநோய் அதிகம் வரும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இது இன்று அன்றாடச் சிகிச்சை.

தோலுக்கு அடியில் ஓடும் வேர்

தோல் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது பேசல் செல் புற்றுநோய். இது மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் கவனிக்காமல் விட்டால் குருத்தெலும்பு, எலும்பு, கண் வரை அரித்துச் செல்லும். வயலில் கோரைப்புல்லை மேலோடு பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் தங்கிவிடுவதுபோல, இந்தக் கட்டியின் இழைகளும் நல்ல தோலுக்கு அடியில் மறைந்து ஓடும்.

வழக்கமான அறுவையில், ஆபத்து குறைந்த சிறு கட்டி என்றால் சுற்றிலும் சுமார் 4 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள். எடுத்த சதையை ஆய்வகத்தில் ஆங்காங்கே செங்குத்தாகச் சீவிப் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கும்போது வெட்டு விளிம்பில் சுமார் ஒரு சதவீதமே கண்ணில் படும். அறிக்கை வரச் சில நாட்கள் ஆகும். அதற்குள் காயத்தைத் தைத்திருப்பார்கள். இரண்டு சீவல்களுக்கு இடையே ஓர் இழை ஒளிந்திருந்தால் யாருக்கும் தெரியாது.

வெட்டு, வரைபடம், நுண்ணோக்கி

மோஸ் முறையில் கட்டி இருக்கும் இடத்தை மட்டும் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்கிறார்கள். கட்டியை எடுத்தபின் அதன் அடியையும் சுற்றுப்புறத்தையும் மெல்லிய கிண்ணம் போன்ற ஓர் அடுக்காகச் சாய்வாக வெட்டுகிறார்கள். எந்தப் பக்கம் எது என்று குழம்பாதிருக்க அடுக்கின் விளிம்புகளில் வெவ்வேறு நிற மை தடவி, வரைபடமும் போட்டுக்கொள்கிறார்கள். பிறகு அந்தக் கிண்ணத்தைத் தட்டையாக விரித்து உறையவைத்து, அடிப்புறத்திலிருந்து சீவுகிறார்கள். இப்போது பக்க விளிம்பும் அடித்தளமும் ஒரே பரப்பில் முழுமையாகத் தெரியும்.

வெட்டிய மருத்துவரே நுண்ணோக்கியிலும் பார்க்கிறார். எங்கே புற்றுச்செல் தெரிகிறதோ, வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்து, அங்கே மட்டும் அடுத்த அடுக்கை எடுக்கிறார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகலாம். நோயாளி கட்டுப் போட்டபடி காத்திருப்பார். நோயின் சுவடே இல்லை என்று தெரிந்தபின்தான் காயத்தை மூடும் பேச்சு எழும்.

இந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு. முகத்தில் வந்த பேசல் செல் புற்றுநோயை நெதர்லாந்தில் பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2014இல் வெளியானது. சிகிச்சைக்குப் பின் ஏற்கெனவே திரும்பியிருந்த கட்டிகளில், வழக்கமான அறுவைக்குப் பிறகு மீண்டும் தலைகாட்டியவை 13.5 சதவீதம், மோஸ் முறையில் 3.9 சதவீதம்.

பசையில் தொடங்கிய வழி

ஃபிரெடரிக் மோஸ், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர். 1930களில் அங்கே நடந்த ஆய்வில், துத்தநாகக் குளோரைடு சதையைக் கொன்றாலும் அதன் நுண்ணமைப்பைக் குலைக்காமல் காப்பதைக் கண்டார். அதைப் பசையாக்கிக் கட்டியில் பூசி, அடுக்கடுக்காக எடுத்துப் பார்த்தார். 1941இல் தன் முறையை வெளியிட்டார். ஆனால் பசை வலியைத் தந்தது. சிகிச்சை நாள்கணக்கில் இழுத்தது. பசையில்லாமல் உடனே உறையவைத்துப் பார்க்கும் முறை 1970களில் சான்பிரான்சிஸ்கோ மருத்துவர் தியோடர் ட்ரோமோவிச் போன்றோரால் பரவியது. அதன்பிறகே இது ஒரே நாளில் முடியும் சிகிச்சை ஆனது.

காயத்தை மூடும் கலை

மூக்கை ஒட்டிய கண்ணோரம், காதுமடலின் உட்குழிவு போன்ற இடங்களில் சிறு காயத்தை அப்படியே விட்டாலும் தானாக நன்றாக ஆறும். தோலில் தளர்வு இருந்தால் இரு விளிம்பையும் இழுத்து, முகச் சுருக்கக் கோட்டோடு தையல் அமையும்படி சேர்ப்பார்கள். அதற்கும் இடமில்லையென்றால் பக்கத்துத் தோலை ரத்த ஓட்டம் அறுபடாமல் திருப்பி மூடுவது ஃபிளாப். நிறமும் தடிமனும் பொருந்துவது இதன் சிறப்பு. காதோரத்திலிருந்தோ காறை எலும்பின் மேலிருந்தோ தோலை முழுதாக எடுத்து ஒட்டுவது கிராஃப்ட்.

மூக்கில் பெரிய பள்ளம் என்றால் நெற்றித்தோல் கைகொடுக்கிறது. புருவத்தருகே ஒரு காம்பை விட்டுவிட்டு நெற்றித்தோலைக் கீழே திருப்பித் தைத்து, சுமார் மூன்று வாரம் கழித்துக் காம்பைத் துண்டிப்பார்கள். மருத்துவ உலகம் இதை இந்திய முறை என்றே அறியும். புனேயில் கோவாஸ்ஜி என்ற மாட்டுவண்டியோட்டிக்கு இப்படி மூக்கு அமைத்த செய்தி 1794இல் லண்டன் இதழொன்றில் வந்தது. அதைப் பின்பற்றி ஜோசப் கார்ப்யூ 1814இல் லண்டனில் அறுவை செய்தார்.

யாருக்குத் தேவை?

எல்லாக் கட்டிக்கும் மோஸ் வேண்டியதில்லை. முதுகில் வந்த சிறு கட்டிக்கு வழக்கமான அறுவையே போதும். கண், மூக்கு, உதடு, காது ஆகியவற்றில் வந்தவை, திரும்பி வந்தவை, எல்லை தெளிவில்லாதவை ஆகியவற்றுக்கே இது பெரிதும் உதவும். மெலனோமா என்ற இன்னொரு வகைத் தோல் புற்றுநோயின் செல்களை உறையவைத்த சீவலில் அடையாளம் காண்பது கடினம் என்பதால், அதற்குப் பொதுவாகக் கூடுதல் விளிம்போடு வெட்டும் முறையே வழக்கம்.

நம்மவர் தோலில் பேசல் செல் கட்டி பெரும்பாலும் கருத்து, மச்சம்போலவே தோன்றும். பழைய தீக்காயத் தழும்பிலும் ஆறாத புண்ணிலும் புற்றுநோய் வரக்கூடும். மெலனோமா உள்ளங்காலிலும் வரும். ஒரு மாதம் கடந்தும் ஆறாமல், ரத்தம் கசிந்து, பொருக்குத் தட்டி மறுபடி உடையும் புண்ணுக்குக் களிம்பு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொன்னால் சிறு துணுக்குச் சதையை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிக்குத் தயங்காதீர்கள். நோய் உறுதியாகி அறுவை என்று முடிவானால், தழும்பு எப்படி இருக்கும் என்று கேட்பதற்கு முன் இன்னொரு கேள்வியைக் கேளுங்கள்: விளிம்பு முழுவதும் பார்த்த பிறகுதான் மூடுவீர்களா? ஃபிளாப் திருப்பிவிட்ட பிறகு அடியில் நோய் மிஞ்சியிருப்பது தெரிந்தால், அது எந்த இடம் என்று தேடுவதே பெரும்பாடு. அழகான தையல் நல்லதுதான். நோய் நீங்கிய இடத்தில் போட்டால்தான் அதற்குப் பொருள்.