கிலோ 28 ரூபாய்க்குப் போகவிருந்த ஹெர்குலிஸ்!

உங்க வீட்டு மாட்டுக் கொட்டகையிலோ, மாடிப்படிக்கு அடியிலோ ஒரு பழைய இரும்பு சைக்கிள் சாத்தி வெச்சிருக்கா? கொஞ்சம் எழுந்து போய்ப் பார்த்துட்டு வாங்க, ப்ளீஸ். இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். இல்லேன்னாலும் படிங்க. பக்கத்து வீட்டில் கண்டிப்பா ஒண்ணு இருக்கும்!

எங்க தாத்தா ஊர் ஒரகடத்துக்குப் பக்கம். சிப்காட் வந்த பிறகு அந்தப் பக்கத்து ஊர்களில் நடந்த மாற்றம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். நிலம் போச்சு, மாடு போச்சு. காலி இடத்தில் எல்லாம் வரிசையா ரூம் கட்டி, கம்பெனி பசங்களுக்கு வாடகைக்கு விடுறாங்க. எங்க வீட்டிலும் அதே பிளான். தை பிறந்ததும் கொட்டகையை இடிக்கணும். அதற்கு முன்னால் உள்ளே இருப்பதை எல்லாம் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுடலாம்னு அப்பா சொல்லிவிட்டார். கலப்பைக் கொழு, உடைஞ்ச பம்ப், அப்புறம் தாத்தாவின் ஹெர்குலிஸ். எடை 22 கிலோ. கிலோ 28 ரூபாய். ஒரு பீட்சா காசு, பாஸ்!

தாத்தா வாயே திறக்கலை. திண்ணையில் உட்கார்ந்து தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். அந்தத் திமிரில், "இதை நான் ரெடி பண்றேன்ப்பா"ன்னு சொல்லிட்டேன். சொல்லும்போது எனக்கு ஸ்பேனர் நம்பர்கூட ஒழுங்காத் தெரியாது என்பது நமக்குள் இருக்கட்டும்.

முதல்ல கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். ஹெர்குலிஸ் 1910-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்த கம்பெனி. அதை 1946-ல் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் வாங்கியது. அந்த நிறுவனமும் நம்ம சென்னை முருகப்பா குழுமமும் 1949-ல் கைகோத்ததில் பிறந்ததுதான் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். பி.எஸ்.ஏ. என்ற பெயரும் அங்கே சேர்ந்ததுதான். பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்பதன் சுருக்கம் அது. துப்பாக்கிக் கம்பெனி! ஒரகடத்தில் 2013-ல் ஆலை திறந்த ராயல் என்ஃபீல்டு மட்டும் என்னவாம்? ரெடிச் ஊரில் ஊசி செய்த பட்டறையில் ஆரம்பித்து, சைக்கிள் செய்து, 1901-ல்தான் மோட்டார் பைக்குக்கு வந்தார்கள். அதாவது நம்ம ரோட்டில் 'தடதட'ன்னு போகிற புல்லட்டுக்கு சைக்கிள் தாத்தா முறை!

சரி, வேலைக்கு வருவோம். கழட்டுவதற்கு முன்னாடி செல்போனில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துவெச்சுக்கோங்க. நான் எடுக்கலை. பிரேக் கம்பிகளை எந்த வரிசையில் மாட்டுவதுன்னு தெரியாமல் ரெண்டு ராத்திரி முழிச்சேன். இந்த வண்டியில் ஒயர் பிரேக் கிடையாது, கம்பி பிரேக். கட்டை, ரிம்மின் உள்பக்கத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும். மழையில் இரும்பு ரிம் நனைஞ்சா பிடிமானம் பாதியாகிடும். ஓட்டும்போது ஞாபகம் வெச்சுக்கோங்க.

கழட்டுவதில் இரண்டு வில்லன்கள். முதல் வில்லன், இடது பெடல். அதன் மரை தலைகீழ். எல்லா நட்டும் இடப்பக்கம் திருப்பினால் கழலும். இது மட்டும் வலப்பக்கம் திருப்பணும். மிதிக்க மிதிக்கத் தானா கழண்டுடக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க. கீழே கிராங்க் அச்சு போகும் இடத்தில் வலப்பக்கக் கப்பும் அப்படித்தான். இது தெரியாமல் ஒரு மணி நேரம் தொங்கினேன். மூணு வருஷம் மெஷின் டிசைன், தியரி ஆஃப் மெஷின்ஸ் எல்லாம் படிச்ச பிள்ளை!

இரண்டாவது வில்லன், காட்டர் பின். கிராங்கையும் அச்சையும் பிடித்துவைக்கும் ஆப்பு. பல வருஷத் துரு. ஊர் சைக்கிள் கடை அண்ணன்தான் காப்பாத்தினார். "நட்டை முழுசா கழட்டாதம்மா, நுனி வரைக்கும் விட்டுட்டு அது மேல அடி. இல்லேன்னா மரை நசுங்கிடும்"ன்னார். ராத்திரி முழுக்க டீசல் ஊத்தி ஊறவெச்சு, கிராங்க்குக்குக் கீழே ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, ஒரே போடு. 'டக்'! முட்டுக் கொடுக்காமல் அடிச்சால், அந்த அடி உள்ளே இருக்கிற பால்ரஸ் மேலே இறங்கி கப் குழி விழுந்துடுமாம். பால்ரஸ் மலிவுதான், தொலைஞ்சா கவலைப்படாதீங்க. கிராங்க்கில் பக்கத்துக்கு 11, பின் வீலில் பக்கத்துக்கு 9. ரெண்டுமே கால் இஞ்ச். முன் வீலில் மட்டும் சின்ன சைஸ், பக்கத்துக்கு 10. அண்ணன் கடையில் பாக்கெட் பாக்கெட்டா தொங்குது.

உள்ளே பார்த்தால் கீழ்க் குழாய் முழுக்கச் செம்மண் மாதிரி துரு. சீட்டு வழியா இறங்கும் மழைத் தண்ணி தங்குகிற இடம் அதுதான். நீங்க பழைய வண்டி வாங்கறதா இருந்தால், முதல்ல அந்த இடத்தைத்தான் பார்க்கணும். குழாய் ஓட்டை ஆகியிருந்தால் விட்டுடுங்க. மேல் துரு எல்லாம் வெறும் வேஷம்.

இப்போ பெயின்ட். இங்கேதான் நான் மாட்டினேன்.

இந்தப் பக்கத்து கார் கம்பெனி ஒன்றுக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போயிருந்தோம். காரின் கூட்டை அப்படியே ஒரு பெரிய தொட்டிக்குள் முக்கி எடுக்கிறார்கள். கரண்ட் பாயும்போது பெயின்ட் தானாகப் போய் ஒவ்வொரு மூலையிலும் ஒட்டுகிறது. அப்புறம் சூளை. அப்புறம் பிரைமர், கலர், மினுமினுப்புக்கு ஒரு கோட். நம்மகிட்ட தொட்டியும் இல்லை, சூளையும் இல்லை. ஆனால் ஃபார்முலா அதேதான்: சுத்தமான இரும்பு, துரு தடுக்க ஒரு அடித்தளம், அதுக்கு மேல்தான் அழகு. தொட்டிக்குப் பதிலா குழாய்க்குள் எண்ணெய் ஊத்தி, உருட்டி, தலைகீழா நிறுத்தி வடிச்சோம்.

ஒரு எச்சரிக்கை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் வீட்டு பெயின்ட்டுக்கு 90 பி.பி.எம்.தான் உச்ச அளவு என்ற விதியே 2016-ல்தான் வந்தது. அதனால் உப்புத்தாளைக் காய்ஞ்சபடி தேய்ச்சு தூளைக் கிளப்பாதீங்க. தண்ணி தொட்டுத் தேய்க்கணும். முகத்தில் மாஸ்க், சின்னப் பசங்களைப் பக்கத்தில் விடக் கூடாது.

பவுடர் கோட்டிங் பண்ணிடலாமேன்னு நீங்க கேட்கலாம். இந்தக் காரிடாரில் தெருவுக்கு ஒரு கடை இருக்கு. 200 டிகிரி வரைக்கும் சுடுவார்கள். ஃப்ரேமுக்கு ஒன்றும் ஆகாது, பித்தளை வெச்சுப் பிரேஸிங் பண்ணின மூட்டு இளக 900 டிகிரி வேணும். ஆனால் அந்தப் பூச்சு தடிமன். குழாய்கள் சேரும் இடத்தில் இருக்கும் கூரான விளிம்பெல்லாம் களிமண் அப்பின மாதிரி மழுங்கிடும். எனக்குப் பிடிக்கலை. ரெட் ஆக்சைடு, மேலே கறுப்பு. முடிவு.

ஐப்பசி மழை. பொறுமை இல்லாமல் முதல் கோட் அடிச்சேன். கறுப்பு, சாம்பல் தூவின மாதிரி வெள்ளையா பூத்துப் போச்சு! ஈரக் காத்தில் லாக்கர் அடிச்சால் அப்படித்தான். "வெயில் வரட்டும்மா, வண்டி எங்க ஓடப் போவுது?"ன்னு கடை அண்ணன் சிரிச்சார். வண்டி ஓடாது, கொட்டகைதான் ஓடிடும். பூத்ததைத் தேய்ச்சு எடுத்துட்டு, கார்த்திகையில் நாலு நாள் வெயில் அடிச்சப்போ மறுபடி ஆரம்பிச்சேன்.

அந்த அவசரத்தில்தான் அந்தத் தப்பு. செயின் கவரில் வெள்ளை எழுத்தில் தாத்தா பேரும் ஊரும் எழுதியிருக்கும். அந்தக் காலத்தில் புது வண்டி வாங்கினால் முதல்ல பேர் எழுதுவாங்க, லைசென்ஸ் வில்லை மாட்டுவாங்க. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கலாம்னு தின்னரில் துணியை நனைச்சு ஒரு இழுப்பு. பிசுக்கோடு பேரும் வந்துடுச்சு! ஊர் பேரில் கடைசி ரெண்டு எழுத்துதான் மிச்சம். துணியைப் பார்த்தேன், வெள்ளை வெள்ளையா இருந்துச்சு.

தாத்தாவிடம் சொல்ல மூணு நாள் ஆச்சு. சொன்னேன். "அப்படியா"ன்னார். எழுந்து டீக்கடைக்குப் போயிட்டார். ஆயாதான் சொன்னாங்க: "அந்த வண்டி மேலதான் உங்க அப்பனைப் பார்ல உக்கார வெச்சு ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு மிதிச்சாரு. காமாலை. திரும்பறப்ப வண்டியை அடகு வெச்சிருவாரோன்னு நான் பயந்தேன். வைக்கல." அப்பாவுக்கே இந்தக் கதை தெரியாது. கேட்டப்புறம், 28 ரூபாய்ப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அப்படின்னா போட்டோ எடுங்கன்னு நான் முதல்லயே சொன்னது ஏன்னு இப்போ புரியுதா? கம்பியை மாட்ட மட்டும் இல்லை. எழுத்தை, கோட்டை, ஸ்டிக்கரை எல்லாம் ஸ்கேல் வெச்சு, டிரேசிங் பேப்பரில் காப்பி எடுத்துட்டுத்தான் தின்னர் பாட்டிலைத் தொடணும். வேலை செய்யும் வண்டியில் பெயின்ட் ஓரளவு நல்லா இருந்தால் தொடாமலே விடுறதுகூட ரெஸ்டோரேஷன்தான்னு இப்போ எனக்குத் தோணுது. எங்க வண்டியில் பாதிக்கு மேல் துரு, வேற வழியில்லை. ஆனா செயின் கவரைத் தொட்டிருக்க வேண்டாம்.

மட்கார்டில் தங்கக் கோடு போட ஆசை. புல்லட் டாங்க்கில் கையால் கோடு இழுக்கும் வீடியோ பார்த்திருப்பீங்க, ஒரே மூச்சில் சர்ர்ருன்னு போகும். நான் இழுத்தது ஒரகடம் சர்வீஸ் ரோடு மாதிரி இருந்துச்சு. நாலு தடவை துடைச்சு, அஞ்சாவது தடவை 'தூரத்திலிருந்து பார்த்தால் ஓகே' லெவலுக்கு வந்தது.

மொத்தச் செலவு 3,400 ரூபாய். டயர் ட்யூப், செயின், பால்ரஸ், பிரேக் கட்டை, பெயின்ட், கோட்டம் எடுத்த கூலி. 28 இஞ்ச் டயர் இன்னும் கடையில் கிடைக்குது, கவலை வேண்டாம். இந்தக் காசுக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் கியர் சைக்கிளே வரும்னு ஃப்ரெண்ட்ஸ் கலாய்ச்சாங்க. உண்மைதான். பதில் சொல்லத் தெரியலை, டீ வாங்கிக் கொடுத்துச் சமாளிச்சேன்.

மார்கழி கடைசி ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிறுத்தினேன். செயின் கவர் மட்டும் மாட்டலை. ரெட் ஆக்சைடோடு சும்மா சுவரில் சாத்தியிருக்கு. என்ன எழுதுறதுன்னு தாத்தா இன்னும் சொல்லலை, நானும் கேட்கலை. அவர் வந்தார். என் தங்கக் கோட்டைப் பார்க்கவே இல்லை. குனிஞ்சு பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"பின்னாடி காத்து கம்மி"ன்னார். பம்ப் எடுக்க நான் உள்ளே ஓடினேன்.