சாண் எது, முழம் எது?

இரவு ஒன்பது மணி. தொட்டியில் பாத்திரம் குவிந்து கிடக்கிறது. பிள்ளையின் சீருடை இன்னும் துவைக்கவில்லை. மாமியாரின் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனது அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. காலை பத்து மணிக்குள் அறிக்கை வேண்டும் என்று அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து, "அம்மா, என் ரப்பர் எங்கே?" என்று குழந்தை கேட்கிறது. அவ்வளவுதான், அம்மா கத்தித் தீர்த்துவிட்டு அடுப்படியில் நின்று அழுகிறாள். ஐந்து ரூபாய் ரப்பரும், மாத்திரையும், அறிக்கையும் அவளுக்கு அப்போது ஒரே எடையாக இருந்தன.

'தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன' என்பது பழமொழி. வேலையும் வீடும் சேர்ந்து நெருக்கும்போது நம்மில் பலர் இப்படித்தான் அளந்து பார்ப்பதையே விட்டுவிடுகிறோம். எது சாண், எது முழம் என்று மறுபடியும் அளக்கத் தொடங்கினால் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

நெருக்கடியில் மூளை

ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய ஹார்மோன்கள் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. பாம்பைக் கண்டு ஓடுவதற்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் மேலாளரின் செய்திக்கும் மாதத் தவணைக்கும்கூட உடல் இதையேதான் செய்கிறது. பாம்பு போய்விடும், தவணை மாதாமாதம் வரும்.

எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று தரம் பிரிப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி. கடும் அழுத்தத்தில் அதன் வேலை மந்தமாகிறது. அச்சத்தை எழுப்பும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் கை ஓங்குகிறது. தூக்கம் குறைந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். எல்லாமே அவசரமாகத் தெரிவதற்கும் சின்ன விஷயத்துக்கு வெடிப்பதற்கும் காரணம் இதுதான். 'எனக்குச் சாமர்த்தியம் போதாது' என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

உடல் சொல்லும் செய்தி

இந்த அழுத்தம் நீடித்தால் பணியால் வரும் முழுச்சோர்வை அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் 1974-இல் எழுதிய கட்டுரையில் 'பர்ன்-அவுட்' என்று குறிப்பிட்டார். 2022 முதல் நடைமுறையில் இருக்கும் உலகச் சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில் இதற்கு இடம் உண்டு. அது இதை நோயாகக் கருதவில்லை. பணிச் சூழலால் வரும் நிலையாகவே வரையறுக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள்: உடம்பில் தெம்பே இல்லாமல் போவது, வேலைமீது வெறுப்பும் விலகலும் வருவது, எதைச் செய்தாலும் உருப்படியாகச் செய்த உணர்வு இல்லாதது.

தலைவலி, கழுத்துப் பிடிப்பு, நெஞ்செரிச்சல், நடுராத்திரி விழிப்பு, ஞாயிறு மாலையே வயிற்றைப் பிசைவது ஆகியவையும் உடல் தரும் எச்சரிக்கைகள். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 விழுக்காடு அதிகம் என்று உலகச் சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் அறிவித்தன. 'கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம்' என்று ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

தலையில் இருப்பதைத் தாளில் இறக்குங்கள்

முதலில் இரண்டு நிமிடம் உட்காருங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. பிறகு ஒரு தாளை எடுத்து, மனத்தை அரிக்கும் எல்லாவற்றையும் எழுதுங்கள். அவற்றை நான்காகப் பிரியுங்கள்:

1. இன்றே, நானே செய்ய வேண்டியவை
2. இன்னொருவர் செய்யக்கூடியவை
3. காத்திருக்கக்கூடியவை
4. என் கையில் இல்லாதவை

நாம் பார்த்த அந்த வீட்டில் மாத்திரைதான் முழம். அதையும் கணவர் மருந்துக் கடைக்குப் போய் வாங்கி வரலாம். இன்று போட்ட சீருடையை உதறி மடித்தால் நாளை ஒரு நாள் ஓடும். ரப்பரும் பாத்திரங்களும் காலையில் பார்த்துக்கொள்ளக்கூடிய சாண்கள். அவள் கையில் மிஞ்சுவது அறிக்கை ஒன்றுதான்.

அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. படுக்கும் முன் ஐந்து நிமிடம், அடுத்து செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் தாளும் பேனாவும் மட்டுமே கேட்கும் இந்தப் பழக்கத்தை முயன்று பார்ப்பதில் நட்டமில்லை.

தள்ளி நின்று பாருங்கள்

இதே கதையோடு உங்கள் தங்கை வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்? "முதலில் சாப்பிடு, தூங்கு, காலையில் பேசலாம்" என்பீர்கள். அதே வார்த்தையை உங்களுக்கும் சொல்லுங்கள். வேலையை விடுவதா, தனிக்குடித்தனம் போவதா போன்ற பெரிய முடிவுகளைக் களைத்த இரவில் எடுக்காதீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்த காலையில் அதே பிரச்சினையின் உயரம் வேறாகத் தெரியும்.

சுமையைப் பகிர்வதும் சிகிச்சைதான்

மனப்பயிற்சி மட்டும் போதாது; சுமையும் குறைய வேண்டும். இந்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். இந்த இடைவெளியை எந்த மூச்சுப்பயிற்சியும் நிரப்பாது.

கேட்டால் மட்டும் செய்வது ஒத்தாசை. கேட்காமலே செய்வது பொறுப்பு. அப்பாவின் மாத்திரைகள் மகனுடைய பொறுப்பு என்றால், அவை தீரும் முன் கவனிப்பதும் அவர் வேலைதான். ஆண்களும் கடன் கவலையை நெஞ்சுக்குள் பூட்டி வைக்காமல் வீட்டில் மனம்விட்டுப் பேச வேண்டும். அலுவலகத்தில், "இந்த மூன்றில் எது முதலில் வேண்டும்?" என்று மேலதிகாரியிடம் கேளுங்கள். அது மறுப்பு ஆகாது, முறையான கேள்வி.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய் ஆகியவையும் இதே சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம். தூக்கமின்மை, அழுகை, எதிலும் பிடிப்பின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 'இருந்து என்ன பயன்' என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்கக் கூடாது. மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

இன்றிரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி அந்தத் தாளை எழுதுங்கள். எழுதியதை வீட்டில் ஒருவரிடமாவது காட்டுங்கள். உங்கள் சுமை எவ்வளவு என்று தெரிந்தால்தான் இன்னொருவர் அதற்குக் கை கொடுக்க முடியும்.