பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்

பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்க, அம்மாவோ அப்பாவோ தனியாக இருக்கும் வீடுகள் இன்று கிராமத்திலும் உண்டு, அடுக்குமாடிக் குடியிருப்பிலும் உண்டு. மாதம் தவறாமல் பணம் வருகிறது. போனில் பேரக்குழந்தையின் முகமும் தெரிகிறது. ஆனால் குளியலறையில் வழுக்கி விழுந்தால் தூக்கிவிட ஓடிவருவது துபாயில் இருக்கும் மகன் அல்ல, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்தான்.

பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். இரவில் சாய்ந்தவரை மறுநாள் காலை வீட்டு வேலைக்கு வரும் அம்மாதான் பார்க்கிறார் என்றால், பெரும்பாலும் அந்த நேரம் கடந்திருக்கும். இடுப்பெலும்பு முறிந்து எழ முடியாமல் பல மணி நேரம் தரையில் கிடந்தால், உடலில் நீர் வற்றும். அழுந்திய தசை சிதைந்து சிறுநீரகமும் கெடலாம். விழுந்ததைவிட, யாரும் பார்க்காமல் கிடந்ததே பெரிய கேடாக முடிவதுண்டு.

1995 ஜூலையில் சிகாகோ நகரை வெப்ப அலை தாக்கியபோது 700 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் தனியாக வாழ்ந்த முதியவர்கள் ஏராளம். அருகருகே இருந்த இரண்டு ஏழைப் பகுதிகளைச் சமூகவியலாளர் எரிக் க்ளினென்பெர்க் ஒப்பிட்டுப் பார்த்தார். கடைத்தெருவும் ஆள் நடமாட்டமும் நிறைந்த பகுதியில் சாவு குறைவு. கடைகள் மூடி, மக்கள் வெளியேறி வெறிச்சோடிய பகுதியில் பல மடங்கு அதிகம். வெயில் இரண்டுக்கும் ஒன்றுதான். அக்னி நட்சத்திரத்தில் வேகும் நம் ஊர்களுக்கு இந்தச் செய்தி மிக நெருக்கமானது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 8,71,000 மரணங்கள் தனிமையோடு தொடர்புடையவை என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் மதிப்பிட்டது.

கவனிப்பு என்பது பிள்ளைகள் மனம் வைத்துச் செய்யும் தயவு அல்ல. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது. கவனிக்காத பிள்ளைகளிடம் மாதாந்திரப் பராமரிப்புத் தொகை கேட்டு, வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. பிள்ளை இல்லாதவர் தன் சொத்துக்கு வாரிசாகப்போகும் உறவினரிடம் கேட்கலாம். முதியவரால் அலைய முடியாவிட்டால், அவர் அனுமதி பெற்ற வேறொருவரோ ஓர் அமைப்போ அவருக்காக மனு கொடுக்கலாம். அந்த அனுமதி பெற்ற பக்கத்து வீட்டுக்காரரை 'உனக்கென்ன வேலை' என்று கேட்டு விரட்ட முடியாது. சட்டமே அவருக்கு இடம் கொடுத்திருக்கிறது.

வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிக்கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் செட்டில்மென்ட் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அது மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்க, அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு உதவும். வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் நம்மிடையே நிறைய.

தெருவில் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. நான்கைந்து வீட்டார் சேர்ந்தால் போதும். தனியாக இருக்கும் பெரியவரின் சம்மதத்தோடு, மாற்றுச் சாவி ஒன்று நம்பகமான ஒரு வீட்டில் இருக்கட்டும். பிள்ளைகளின் போன் எண், சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் ஆகிய விவரங்கள் ஒரே தாளில் இருக்கட்டும். காலையில் வாசல் தெளிக்கவில்லை, பால் பாக்கெட் எடுக்கப்படவில்லை என்றால் கதவைத் தட்டுவது யார் என்று முன்பே பேசி வையுங்கள். கோடையில் பகல் வேளையில் ஒருமுறை எட்டிப் பாருங்கள். தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுக்கையில் இருப்பவருக்கு இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. உங்கள் தெருப் பெரியவர் அதில் சேர்ந்திருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். உதவி வேவு பார்ப்பதாகிவிடக் கூடாது. அவர் வீட்டு விஷயம் தெருவில் கதையாகக் கூடாது. பணம், நகை, வங்கி அட்டை எதையும் யாரும் கையில் வாங்கக் கூடாது. அவரை நோயாளியாகவே நடத்துவதும் தவறு. ஓய்வுபெற்ற ஆசிரியை என்றால் மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரக் கேளுங்கள். தன்னால் இன்னும் நாலு பேருக்குப் பயன் உண்டு என்ற எண்ணம் பெரிய பலம்.

அடித்தாலோ, பட்டினி போட்டாலோ, வீட்டைவிட்டுத் துரத்தினாலோ முதியோர் உதவி எண் 14567-ஐ அழைக்கலாம். மனச்சோர்வுக்கு 14416, உடனடி ஆம்புலன்ஸுக்கு 108. இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி, அவர் கண்ணில் படும் சுவரில் நீங்களே ஒட்டிக்கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம்; இன்று மாலையே போய் அவர் சம்மதத்தைக் கேளுங்கள்.